விரல் போன்

விசில் சாருக்கு ஒத்திகை என்றால் உயிர்.

பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சி ஆசிரியர் அவர். கழுத்தில் விசில் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் அவர் வீட்டில்கூடக் கிடையாது என்று ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு. அப்பேர்ப்பட்டவரைத் தலைமையாசிரியை, அதாவது பெரிய மேடம், ஒரு பயிற்சி வகுப்புக்கு அனுப்பிவைத்தார். கடுமையான ஒவ்வாமை வந்த குழந்தையைக் காப்பாற்றச் சொல்லித்தரும் வகுப்பு. போனவர் சும்மா திரும்பவில்லை. பேனா மாதிரி இருக்கும் ஊசியின் டம்மி ஒன்றைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, ஊரைக் காப்பாற்றவே பிறந்தவர் போல வந்து இறங்கினார்.

அனுப்பியதற்குக் காரணம் இருந்தது. மூன்றாம் வகுப்பில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருந்தாள். ஒரு நிமிடம் ஓர் இடத்தில் நிற்கமாட்டாள் என்பதால் எல்லோருக்கும் அவள் வாலு. வேர்க்கடலையில் ஒரு துணுக்கு உள்ளே போனால் போதும், வாலுவுக்குத் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். அவளுக்கான ஊசி ஒன்று ஆபீஸ் அறைச் சுவர் ஆணியில் மாட்டிய, பூட்டு இல்லாத சிவப்புப் பெட்டியில் இருந்தது. இன்னொன்று அவள் அம்மாவின் கைப்பையில்.

விசில் சார் யாரையும் விடவில்லை. டீச்சர்கள், வேன் ஓட்டும் அண்ணன், சாப்பாட்டு நேரத்தில் உதவிக்கு வரும் தன்னார்வத் தாய்மார்கள், பள்ளி தொடங்கிய காலத்திலிருந்து முன்மேஜையில் உட்கார்ந்திருக்கும் ஆபீஸ் அக்கா, எல்லோரையும் கூடத்தில் வரிசையாக நிறுத்தினார்.

"மூடியக் கழட்டுங்க. ஊசி வர்ற முனை எதுன்னு பாருங்க. கட்டைவிரலை எந்த முனையிலயும் வைக்கக் கூடாது. தலைகீழாப் பிடிச்சா உங்க விரல்லயே குத்திக்குவீங்க!"

"அப்படிக் குத்திக்கிட்டா என்ன சார் பண்றது?" என்று கேட்டார் கணக்கு டீச்சர்.

"உங்களுக்கும் சேத்து ஒரு ஆம்புலன்ஸ் சொல்ல வேண்டியதுதான்."

முதல் ஒத்திகையில் நோயாளி, சுருட்டி வைத்த ஜிம் பாய். அதைத் தரையில் கிடத்தி, கால் பக்கத்தை நாற்காலி மேல் தூக்கி வைத்து, தொடை இருக்க வேண்டிய இடத்தில் டம்மியை அழுத்திக்கொண்டு விசில் சார் கத்தினார்: "அக்கா, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க! சீக்கிரம்!"

அக்கா கூப்பிட்டுவிட்டார். நிஜமாகவே.

சைரன் அலற வண்டி வந்தது. ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் ஓடிவந்து கூடத்தில் நின்றார்கள். அதில் மீசைக்காரர் ஜிம் பாயை மேலும் கீழும் பார்த்தார். "இவருக்கா மூச்சுத் திணறல்?"

கூடம் சிரித்தது. பெரிய மேடம் சிரிக்கவில்லை. அன்று மாலை விசில் சாரைத் தன் அறையில் நிற்க வைத்து அவர் விட்ட டோஸ், பக்கத்து வகுப்பு வரை கேட்டது. வெளியே வந்த விசில் சார் நேராக ஆபீஸ் மேஜைக்குப் போனார்.

"ஏங்க்கா, ஒத்திகைன்னா ஒத்திகைதானே? மானமே போச்சு."

"நீங்கதானே சார் சீக்கிரம்னு கத்தினீங்க? குலை நடுங்கிப் போச்சு எனக்கு."

"இனிமே நெஜ போனைத் தொடவே கூடாது. இதோ பாருங்க." கட்டைவிரலைக் காதிலும் சுண்டுவிரலை வாயருகிலும் வைத்துக் காட்டினார். "இதான் உங்க போன். இப்படி வெச்சுக்கிட்டு, 'ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு'ன்னு சத்தமாச் சொல்லணும். நான் கேட்டுட்டேன்னா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவேன். அவ்வளவுதான்."

அன்று பிறந்தது விரல் போன்.

அப்புறம் ஒத்திகை எண்ணெய் போட்ட சக்கரம் மாதிரி ஓடியது. விசில் சார் டம்மியை அழுத்துவார். அக்கா சிவப்புப் பெட்டியோடு ஓடிவந்து, விரலைக் காதில் வைத்து, "ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு!" என்பார். கட்டைவிரல் உயரும். வேன் அண்ணன் கேட்டுக்கு ஓடி, வராத வண்டிக்கு வழிகாட்டுவார். "வா, வா, இன்னும் வா, நேரா வா, நிறுத்து! சுவத்தை இடிச்சுடாதேப்பா!" விசில் சார் நீளமாக ஒரு விசில் ஊதுவார். எல்லோரும் கைதட்டுவார்கள். பள்ளியைப் பார்க்க யார் வந்தாலும் பெரிய மேடம் இதைக் காட்டாமல் அனுப்புவதில்லை.

பின்னொரு நாள், சாப்பாட்டு மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில், மூன்றாம் வகுப்பு டீச்சரின் குரல் வராந்தாவைக் கிழித்தது.

"சார்! விசில் சார்! வாலு!"

விசில் சார் ஓடினார். யாருக்கோ பிறந்தநாள். யாரோ கொடுத்த சாக்லேட். உள்ளே வேர்க்கடலை. வாலு சுவரில் சாய்ந்து நின்று கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள். உதடு தடித்திருந்தது. முகமெல்லாம் திட்டுத்திட்டாகச் சிவந்திருந்தது. "சார், தொண்டைக்குள்ள என்னமோ…" அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

அவளைத் தரையில் படுக்கவைத்தார். டீச்சர் கால்களைத் தூக்கிப் பிடித்தார். ஆபீஸ் அக்கா பெட்டியோடு ஓடிவந்தார். மூடி கழன்றது. பாவாடை மேலேயே, தொடையின் வெளிப்பக்கத்தில், ஊசி அழுந்தியது. க்ளிக். விசில் சாரின் கை ஆடவில்லை. எத்தனை ஒத்திகை! சொன்னபடி அழுத்திப் பிடித்திருந்துவிட்டு எடுத்தார்.

அப்போது நிமிர்ந்தவர் கண்ணில் ஆபீஸ் அக்கா பட்டார். கதவருகே நின்றிருந்தார். கட்டைவிரல் காதில். சுண்டுவிரல் வாயருகே.

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு!"

விசில் சார் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

வேன் அண்ணன் கேட்டுக்கு ஓடினார். எல்லாம் அதனதன் இடத்தில், அதனதன் வரிசையில் நடந்தது. ஒரு அசைவு பிசகவில்லை. ஒத்திகையில் இல்லாத ஒரே வேலை, வாலுவின் அம்மாவுக்குச் சொல்வது. அதை மூன்றாம் வகுப்பு டீச்சர் தன் போனை எடுத்து, நம்பரைத் தேடி, நிஜமாகவே செய்தார்.

கொஞ்ச நேரத்தில் வாலுவின் மூச்சு சீராகத் தொடங்கியது. முகத்துத் திட்டுகள் மங்கின. "சார், எந்திரிக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"அசையக் கூடாது. படு."

சுற்றி நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். யாரோ கைதட்டினார். உடனே எல்லோரும் தட்டினார்கள். விசில் சாரின் கை தானாக விசிலுக்குப் போனது. நீளமாக ஒன்று ஊதினார்.

அந்த விசில்தான் பின்னாட்களில் அவர் காதைவிட்டுப் போகவில்லை.

வேன் அண்ணன் கேட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். "சார், வண்டியக் காணோமே?"

"வரும்ணே. டிராஃபிக்கா இருக்கும்."

மறுபடியும் வந்தார். "சார், தெரு காலியாத்தான் கெடக்கு."

"வந்துரும்னு சொல்றேன்ல!"

அதற்குள் வாலு பேச்சை நிறுத்தியிருந்தாள். நெஞ்சுக்குள்ளிருந்து மெல்லிய கீச்சுச் சத்தம். உதடு நிறம் மாறிக்கொண்டிருந்தது. விசில் சார் சிவப்புப் பெட்டியைப் பார்த்தார். காலி.

வாலுவின் அம்மா செருப்பில்லாமல் ஓடிவந்தாள். பக்கத்துத் தெருத் தையல் கடையில் வேலை. அளவு நாடா இன்னும் கழுத்தில் தொங்கியது. யாரையும் எதுவும் கேட்கவில்லை. கைப்பையிலிருந்து இரண்டாவது ஊசியை எடுத்தாள், மூடியைப் பல்லால் இழுத்தாள், மகளின் மறு தொடையில் அழுத்தினாள். அப்புறம்தான் தலையைத் தூக்கினாள்.

"ஆம்புலன்ஸ் எங்க? யாரு போன் பண்ணது?"

"நான்தாம்மா" என்றார் ஆபீஸ் அக்கா.

"என்ன சொன்னாங்க?"

அக்கா அந்தப் பதிலைத் தேடினார். எதிர்முனையில் யாராவது ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். எங்கிருந்து பேசுகிறீர்கள், குழந்தைக்கு என்ன வயது, ஏதாவது. அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். பிறகு மெதுவாகத் தன் வலது கையைப் பார்த்தார். நடுவிரல்கள் மூன்றும் இன்னும் மடங்கியே இருந்தன.

"ஐயோ" என்றார்.

வாலுவின் அம்மா தன் போனை எடுத்து அழைத்தாள். வண்டி நிற்கும் இடம் ரொம்ப தூரமில்லை. சைரன் சத்தம் கேட்பதற்குள் விசில் சாருக்கு ஒரு யுகம் போய்விட்டது. இறங்கி வந்தது அதே மீசைக்காரர். வாசலில் விசில் சாரைப் பார்த்ததும் நடை தயங்கியது.

"இன்னிக்கு நெஜந்தானே சார்?"

விசில் சார் ஆமென்று தலையை ஆட்டினார்.

வாலு பிழைத்தாள். இரண்டாவது ஊசி தாங்கிப் பிடித்தது, மீதியை ஆஸ்பத்திரி பார்த்துக்கொண்டது. இன்னும் சற்றுத் தாமதமாகியிருந்தால் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னாராம்.

பெரிய மேடத்தின் அறையில் விசாரணை. மேஜைக்கு ஒரு பக்கம் வாலுவின் அம்மா. எதிரே ஆபீஸ் அக்காவும் விசில் சாரும். மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றியது.

"நான் பண்ணலை மேடம்" என்றார் அக்கா. அழவில்லை. அழுது முடித்திருந்த முகம். "பண்ணிட்டேன்னுதான் நெனச்சேன். போன் மேஜை மேலயே கெடந்திருக்கு. விரலைத்தான் வெச்சிருக்கேன். எனக்கே நம்ப முடியலை."

"விரலை வெச்சுக்கிட்டு ஆம்புலன்ஸ் சொல்லியாச்சுன்னு கத்தினீங்களா?" வாலுவின் அம்மாவுக்குக் குரல் உடைந்தது. "எம்பொண்ணு மூச்சு விட முடியாமக் கெடக்கறா, நீங்க வெளையாட்டுக் காட்டிட்டு நின்னீங்களா? உங்களுக்குப் புள்ள இல்லையா?"

அக்கா தலை குனிந்துகொண்டார்.

பெரிய மேடம் திரும்பினார். "சார், இவங்க கையில போன் இருந்துதா இல்லையான்னு நீங்க கவனிச்சீங்களா?"

கேள்வி நேராக வந்தது. பதிலும் நேராகவே தொண்டை வரை வந்தது. கவனித்தேன். விரலைப் பார்த்தேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். அந்த விரல் போனைக் கண்டுபிடித்தவனே நான்தான்.

"நான் குழந்தையைப் பாத்துக்கிட்டிருந்தேன் மேடம்" என்றார் விசில் சார்.

பொய் இல்லை. அதுதான் அதிலிருந்த கேவலம்.

அக்கா ஒரே ஒரு தடவை நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு மறுபடியும் குனிந்துகொண்டார்.

வாலுவின் அம்மா போகும்போது விசில் சார் முன் நின்றாள். "நீங்க மட்டும் இல்லைன்னா எம்பொண்ணு இல்லை சார்." அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அதில் ஒன்று ஊசி போட்ட கை. கட்டைவிரலைத் தூக்கிய கையும் அதுவேதான். அதை உருவிக்கொள்ள முடியாமல் நின்றார்.

ஆபீஸ் அக்காவைப் பின்பக்க ஸ்டோர் ரூமுக்கு மாற்றினார்கள். ஒத்திகை செய்யும் அவசர உதவிக் குழுவிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். காலைக் கூட்டத்தில் பெரிய மேடம் விசில் சாரை மேடைக்கு அழைத்தார். பள்ளிக்கூடமே கைதட்டியது. கடைசி வரிசையில், சாக்பீஸ் பெட்டியை இடுப்பில் அணைத்தபடி அக்காவும் ஒரு கையால் பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

பெரிய வகுப்புப் பையன்களுக்கு இது போதாதா? அக்கா வராந்தாவில் நடந்தால், பின்னால் ஒருவன் விரலைக் காதில் வைத்துக்கொள்வான். "அக்கா, அப்படியே எனக்கு ஒரு ஆட்டோ சொல்லுங்களேன்!" விசில் சார் அவனைக் காதைத் திருகி மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார். அவன் ஓடி முடித்து, மூச்சிரைக்க வந்து நின்று, "என்ன சார், நீங்க கத்துக்குடுத்ததுதானே?" என்றான். அவனை அடிக்கக்கூடக் கை வரவில்லை.

ஆசிரியர் அறையில் டீ குடிப்பதை நிறுத்தினார். யாராவது "ஹீரோ வந்தாச்சு" என்றால், மறந்துவிட்டதை எடுக்கப் போகிறவர் மாதிரி திரும்பி நடந்தார். விசிலைக் கழற்றி மேஜை இழுப்பறையில் போட்டார். மனைவி, "கழுத்து வெறிச்சுன்னு இருக்கே, உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்றார். இது பொய்தான்.

வாலு பள்ளிக்குத் திரும்பி வந்த அன்று, இடைவேளையில் நேராக மைதானத்துக்கு ஓடிவந்தாள்.

"ஓடாதே! டாக்டர் ஓடலாம்னு சொன்னாரா?"

"சொன்னாரு." பொய் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. அவர் பக்கத்தில் படிக்கட்டில் உட்கார்ந்தாள். "சார், உங்களை ஒண்ணு கேக்கணும். ஆபீஸ் அக்காவை ஏன் உள்ள போட்டுட்டாங்க?"

"அது… அவங்க போன் பண்ண மறந்துட்டாங்கம்மா."

"தெரியும். அவங்க விரலைத்தானே வெச்சிருந்தாங்க? நான் படுத்துக்கிட்டே பாத்தேன். நீங்களும் பாத்தீங்கல்ல? இப்படிக் காட்டினீங்களே." கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

விசில் சாருக்கு மைதானத்து வெயில் முழுவதும் முகத்தில் இறங்கியது போலிருந்தது.

"அதைப் பாத்ததும் எனக்குப் பயமே போயிடுச்சு சார்" என்றாள் வாலு. "சரி, இதுவும் ஒத்திகைதான், இப்ப விசில் ஊதிடுவீங்க, முடிஞ்சுடும்னு நெனச்சுக்கிட்டேன். நீங்களும் ஊதினீங்க. ஆனா முடியலை."

மணி அடித்தது. அவள் எழுந்து, ஓடக் கூடாது என்பது நினைவுக்கு வந்து, வேகமாக நடந்து போனாள்.

ஸ்டோர் ரூமில் குண்டு பல்பு ஒன்றுதான். அக்கா புது நோட்டுக் கட்டுகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன சார், சாக்பீஸ் வேணுமா?"

"இல்லக்கா. அன்னிக்கு நான்…"

"தெரியும் சார். விரலைத் தூக்கினீங்க." நோட்டு அடுக்குவது நிற்கவில்லை. "அதைப் பாத்துத்தானே எனக்கும் நிம்மதியாச்சு. போன் பண்ணி முடிச்ச மாதிரியே இருந்துச்சு."

"அப்புறம் ஏன்க்கா மேடம்கிட்ட சொல்லலை?"

"சொன்னா மட்டும்? போன் பண்ண வேண்டியது நான். அது மாறிடுமா?" கட்டைத் தூக்கி மேல்தட்டில் வைத்தார். கையைத் தூசி போகத் தட்டிக்கொண்டார். "அதுவுமில்லாம, நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன். அந்த ரூம்ல கதவு திறக்கிற வரைக்கும் நெனச்சுக்கிட்டேதான் இருந்தேன்."

விசில் சார் நின்றார். மன்னிப்பு என்ற சொல் வாய் வரை வந்தது. அந்த அறையில், அந்த ஒற்றை பல்புக்கடியில், யாரும் கேட்காத இடத்தில் அதைச் சொல்வது இன்னும் ஒரு திருட்டு என்று பட்டது. "நாளைக்குப் பயிற்சி இருக்கு. நீங்க வரணும்" என்றார்.

"நான்தான் குழுவுல இல்லையே."

"வாங்கக்கா."

பெரிய மேடத்திடம் முதலில் சொன்னார். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "எல்லாம் அடங்கிப்போச்சு சார். இப்பப் போய் எதுக்கு? உங்க பேரும் கெடும், ஸ்கூல் பேரும் கெடும்."

"நடந்ததுல என் பேரையும் சேத்துச் சரியாச் சொல்லணும்னு பாக்கறேன் மேடம்."

மறுநாள் கூடம் நிறைந்திருந்தது. தன்னார்வத் தாய்மார்களில் இப்போது வாலுவின் அம்மாவும் ஒருத்தி. முன் வரிசையில் அவள்தான். கடைசியில் கதவோரமாக ஆபீஸ் அக்கா.

விசில் சார் மேடையில் ஏறவில்லை. கூடத்தின் நடுவில், ஜிம் பாய்க்குப் பக்கத்தில் நின்றார். சொன்னார். வண்டி வந்து மானம் போன கதையிலிருந்து தொடங்கினார். விரல் போனைத் தான் கற்பித்ததை. அன்று அக்காவின் விரலைப் பார்த்ததை. கட்டைவிரலைத் தூக்கியதை. விசில் ஊதியதை. மேடம் கேட்டபோது தான் சொன்ன பதிலை, அதே வார்த்தைகளில். நடுவில் இரண்டு தடவை இருமினார். யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை.



வாலுவின் அம்மா உட்கார்ந்தபடியே பேசினாள். "அந்த ரூம்ல நானும் இருந்தேனே சார்."

"இருந்தீங்கம்மா."

"உங்க கையைப் பிடிச்சு நன்றி சொன்னேன். அவங்களைப் பாத்து, புள்ள இல்லையான்னு கேட்டேன்." அவள் குரல் உயரவில்லை. "கேட்டப்பவும் நீங்க சும்மாதானே நின்னீங்க?"

"சும்மாதான் நின்னேன்."

அவள் அதற்குமேல் அவரைப் பார்க்கவில்லை. எழுந்து கடைசி வரிசைக்குப் போனாள். ஆபீஸ் அக்காவிடம் என்னவோ தாழ்ந்த குரலில் சொன்னாள். அக்கா தலையை ஆட்டினார், வேண்டாம் என்பது போல. வாலுவின் அம்மா விடவில்லை. கையைப் பிடித்து நடுக்கூடத்துக்குக் கூட்டிவந்து தன் போனை அக்காவின் கையில் வைத்தாள்.

"பண்ணுங்கக்கா."

"யாருக்கு?"

"எனக்கு" என்றார் விசில் சார். "இனிமே ஒத்திகையில ஆம்புலன்ஸ்னா என் நம்பர்தான். நெஜமாவே அடிக்கணும். நான் எடுத்துக் கேட்பேன். நீங்க பதில் சொல்லணும். விரல் வேண்டாம்."

தன் நம்பரைச் சொன்னார். அக்கா ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். ஒரு தடவை தப்பாகப் போய், அழித்துவிட்டு மறுபடியும் அழுத்தினார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

விசில் சாரின் சட்டைப்பையில் போன் அலறியது. எடுத்துக் காதில் வைத்தார்.

"சொல்லுங்க. என்ன அவசரம்?"

"ஒரு குழந்தைக்கு மூச்சுத் திணறுது." அக்காவின் குரல் எதிரிலிருந்தும் காதுக்குள்ளிருந்தும் ஒன்றாக வந்தது. "ஒவ்வாமை. ஊசி போட்டாச்சு. பள்ளிக்கூடத்துலேர்ந்து பேசறேன்."

அடுத்த கேள்வியைப் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். விசில் சாருக்கு அது மனப்பாடம். "பக்கத்துல யாரு இருக்காங்க?"

அக்கா கொஞ்சம் யோசித்தார். "ஒரு சார் இருக்காரு" என்றார். "குழந்தையைப் பாத்துக்கிட்டிருக்காரு."

விசில் சாரின் காது சுட்டது. போனை இறக்கிவிட்டால் போதும், போய்விடலாம்; கூடத்தின் கதவு திறந்தேதான் இருந்தது.

"ஹலோ?" என்றது அக்காவின் குரல். கோபம் இல்லை. இரக்கமும் இல்லை. வேலையில் இருப்பவரின் குரல். "லைன்ல இருக்கீங்களா?"

விசில் சார் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"இருக்கேன்" என்றார். "சொல்லுங்க."